திருப்பிச் சொல்லுங்க

ஜூன் 3, திங்கள்

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். இது நல்ல டைரி. பக்கத்துக்குப் பக்கம் ஒரு நாயோ பூனையோ அச்சிட்டிருக்கிறார்கள். மருந்துக் கம்பெனிக்காரர் எங்கள் டாக்டருக்குக் கொடுத்தது. "எங்கிட்ட நிறைய இருக்கு, நீ வச்சுக்க" என்று அவர் என்னிடம் தந்துவிட்டார். எழுதும் அளவுக்கு எனக்கு எதுவும் நடப்பதில்லை. பாதி வருஷம் வெற்றுத்தாளாகவே போய்விட்டது, அந்தப் பாவத்துக்காக எழுதுகிறேன். யாராவது படிக்க நேர்ந்தால் பொறுத்துக்கொள்ளவும்.

நான் யசோதா. விலங்கியல் பட்டம். எங்கள் வீட்டில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள். அப்பா இல்லை; அம்மாவும் நானும்தான். திருப்பூரில் டாக்டர் எஸ்தரின் நாய், பூனை ஆஸ்பத்திரியில் முன்மேசையில் இருக்கிறேன். "டிகிரி படிச்சுட்டு நாய்க்குச் சீட்டு எழுதறயா?" என்று வீதியில் கேட்கிறார்கள். சிரித்துவைக்கிறேன்.

ஜூன் 5, புதன்

இந்த ஆஸ்பத்திரியில் ஒரு வழக்கம் உண்டு. ஆபரேஷன் என்றால் டாக்டர் முதலில் எல்லாவற்றையும் விளக்குவார். என்ன செய்யப்போகிறோம், எதற்கு, செய்யாவிட்டால் என்ன ஆகும், வேறு வழி இருக்கிறதா. பிறகு நாயின் சொந்தக்காரர் என் மேசைக்கு வந்து, கேட்டதைத் தன் வாயால் எனக்குத் திருப்பிச் சொல்ல வேண்டும். தப்பாகச் சொன்னால் மறுபடி உள்ளே அனுப்புவேன். சரியாகச் சொன்ன பிறகுதான் கையெழுத்து.

இந்த வேலை எனக்கு எதற்கு என்று ஒருமுறை கேட்டேன். "நீ குறுக்க பேச மாட்டே. அவங்க முழுசாச் சொல்லி முடிப்பாங்க" என்றார் டாக்டர். பேசாமல் இருப்பதற்குச் சம்பளம் வாங்குகிற ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன்.

இன்று ஆட்டோ ஓட்டும் ரங்கராஜ் தன் ரோசியைக் கருத்தடைக்குக் கொண்டுவந்தார். தெருவில் கிடந்த குட்டியை எடுத்து வளர்த்தவர். எல்லாம் தயார். கடைசியில் டாக்டர், "காலையிலேர்ந்து எதுவும் சாப்பிடலயே?" என்றார்.

"ஒரு இட்லிதானுங்க."

"குடுக்கக் கூடாதுன்னு சொன்னேனே!"

"பசியோட இருக்கற புள்ளைமேல கத்தி வைக்கறதுங்களா? மனசு கேக்கலீங்க."

டாக்டர் கையுறையைக் கழற்றிப் போட்டார். மயக்கத்தில் வாந்தி வந்தால் அது நேரே நுரையீரலுக்குப் போகும், நாய் செத்துப்போகும் என்று விளக்கினார். ரங்கராஜின் முகம் வெளுத்துவிட்டது. "இட்லிங்களா? இட்லி கொல்லுமா?" என்று என்னிடம் வந்து இரண்டு முறை கேட்டார். ரோசி என் செருப்பை நக்கிக்கொண்டிருந்தது. ஆபரேஷனைத் தள்ளிப்போட்டாயிற்று.

ஜூன் 8, சனி

அரை நாள் லீவு. என் அக்கா கோகிலாவைப் பெண்கள் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். அக்கா பனியன் கம்பெனியில் ஓவர்லாக் தையல் மெஷினில் உட்காருகிறவள். ஒரே பையன், கவின், ஒன்றாம் வகுப்பு. மாதாமாதம் அவளுக்குப் போகிற ரத்தத்தைப் பார்த்தால் பயமாக இருக்கிறது. ஸ்கேனில் கர்ப்பப்பையில் கட்டி என்று வந்திருக்கிறது.

ஆம்பிளைகளை உள்ளே விடவில்லை. அக்காவின் வீட்டுக்காரர், எங்கள் மாமா, வெளியில் நின்றார். "யசோ, நீ கூடப் போ. படிச்ச புள்ள, உனக்குத்தான் புரியும்" என்றார்.

டாக்டரம்மா அக்காவைத் திரைக்குப் பின்னால் படுக்கவைத்துப் பார்த்துவிட்டு வந்தார். அக்கா உள்ளே சேலை கட்டிக்கொண்டிருக்கும்போதே, கை கழுவியபடி என்னிடம் பேசினார். பாதி இங்கிலீஷ். வெளியே கூட்டம். ஏதோ மூன்று கேள்வி கேட்டார். மூன்றுக்கும் என் தலை ஆடிவிட்டது. "சரிங்க மேடம்" என்றேன்.

வெளியே வந்ததும் மாமா, "என்ன சொன்னாங்க அம்மிணி?" என்றார்.

"ஆபரேஷன் பண்ணிக்கலாம்னாங்க மாமா."

"உனக்குப் புரிஞ்சுதல்ல?"

"ம்."

கரும்புச்சாறு வாங்கிக் கொடுத்தார். இஞ்சி தூக்கலாக இருந்தது.

ஜூன் 11, செவ்வாய்

ஒரு அம்மா வெள்ளைப் பூனையோடு வந்தார். பூனை புது சோபாவைக் கிழிக்கிறதாம். நகத்தை நிரந்தரமாக எடுத்துவிட முடியுமா என்று கேட்டார். டாக்டர் தன் ஆள்காட்டி விரலைக் காட்டி விளக்கினார். பிறகு அந்த அம்மா என் மேசைக்கு வந்தார்.

"சொல்லுங்கம்மா" என்றேன்.

"அதான், நகத்தை எடுக்கறது. நகம் எலும்போட ஒட்டி இருக்குதாம். அதனால விரல்ல கடைசிக் கணுவ..." தன் விரலைப் பார்த்தார். பூனையைப் பார்த்தார். "கடைசிக் கணுவ வெட்டி எடுக்கணுமாம். எல்லா விரல்லயும். ஐயய்யோ, என்னங்க இது!"

உள்ளே, "நான் அதைச் செய்ய மாட்டேன்னும் சொன்னேனே, அதையும் சொல்லச் சொல்லு" என்று டாக்டரின் குரல் கேட்டது. சொல்வதற்கு அந்த அம்மா அங்கே இல்லை. பூனைக்குக் கீறிக்கொள்ளச் சாக்குச் சுற்றிய கட்டை ஒன்று வைக்கலாம் என்று வாசல்வரை ஓடிப்போய்ச் சொல்லி அனுப்பினேன்.

டாக்டர் சொல்லும்போது இதே அம்மாதான் "ஓ, ஓகே, ஓகே" என்று கேட்டுக்கொண்டிருந்தார். தன் வாயால் சொன்னபோதுதான் அது அவர் காதில் விழுந்திருக்கிறது.

ஜூன் 13, வியாழன்

மழை. கரண்ட் இல்லை. அம்மா வழக்கம்போல ஈரத்துண்டைக் கழுத்தில் போட்டுக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்திருந்தார். எனக்குக் குளிர்கிறது. எனக்கு நினைவு தெரிந்த நாளாக அம்மாவுக்கு மட்டும் வருஷம் பூராவும் கோடைதான்.

ஜூன் 15, சனி

இன்று ரோசிக்கு ஆபரேஷன் நடந்தது. உதவியாள் வராததால் விளக்கைப் பிடிக்க என்னைக் கூப்பிட்டார்கள். இதுவரை நான் உள்ளே நின்று பார்த்ததில்லை.

வயிற்றில் சின்னதாக ஒரு கீறல். அதன் வழியாக டாக்டர் எடுத்து எஃகுத் தட்டில் வைத்தது ஒரு கவண் மாதிரி இருந்தது. பையன்கள் மாங்காய் அடிப்பார்களே, அந்தக் கவட்டை. கல்லூரியில் படமாக வரைந்து முழு மதிப்பெண் வாங்கியிருக்கிறேன். நேரில் இப்போதுதான் பார்க்கிறேன்.

"இந்தக் கவட்டைதான் கர்ப்பப்பை. ரெண்டு நுனியிலயும் சின்னதா இருக்கே, அது முட்டைப்பை. நாய்க்குப் பொதுவா ரெண்டையும் சேர்த்து எடுத்துடறோம்" என்றார் டாக்டர், தைத்துக்கொண்டே.

"மனுஷங்களுக்குங்க மேடம்?" எப்படிக் கேட்டேன் என்று தெரியவில்லை.

"அது என் பாடம் இல்ல. ஆனா சின்ன வயசுல முட்டைப்பையில கை வைக்க ரொம்ப யோசிப்பாங்க. எலும்புக்கு, இதயத்துக்கு எல்லாத்துக்கும் அது வேணும். ரெண்டையும் எடுத்துட்டா மாதவிடாய் நின்னுபோற வயசு அன்னிக்கே வந்துரும். உடம்பு கொதிக்கும். விளக்கை நேராப் பிடி, யசோதா."

இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.

மாலையில் ரங்கராஜ் எனக்குத் திருப்பிச் சொன்னார்: "வலிக்கு மருந்து, படி ஏறக் கூடாது, குதிக்கக் கூடாது, தையலை நக்காம இருக்கக் கழுத்துல கூம்பு, புண்ணு செவந்தா உடனே போன் பண்ணோணும்." சரியாகச் சொன்னார். பிறகு ரோசியைத் தூக்கிக்கொண்டார். "என்ற சம்சாரத்துக்கும் பை எடுத்தாங்கம்மிணி. இத்தனை யாரும் எங்ககிட்டச் சொல்லலீங்க."

வீட்டுக்கு வந்தேன். அம்மா ஈரத்துண்டைப் பிழிந்துகொண்டிருந்தார். இன்றைக்கு இதற்கு மேல் எழுத முடியவில்லை.

ஜூன் 16, ஞாயிறு

அம்மா சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தபோது பக்கத்தில் போய் உட்கார்ந்து நானும் உரித்தேன். அம்மாவுக்குக் கர்ப்பப்பை எடுத்தது எல்லோருக்கும் தெரிந்ததுதான். எங்கள் வீதியில் சொத்தைப்பல்லைப் பிடுங்கினதுபோல அதைச் சொல்வார்கள். ஏன் என்று இதுவரை நான் கேட்டதில்லை.

"எதுக்கும்மா எடுத்தாங்க?"

"வெள்ளை பட்டுது. விட்டா புத்துநோயா மாறிரும்னாங்க. உனக்கு அப்ப ரெண்டு வயசு."

"வேற ஏதும் மருந்து குடுத்துப் பார்த்தாங்களா?"

"அதெல்லாம் ஆரு கேக்கறா? அட்மிட் ஆகுன்னாங்க, ஆனேன்."

"கர்ப்பப்பை மட்டுமா? முட்டைப்பையுமா?"

அம்மா வெங்காயத்தைக் கீழே வைத்தார். "எல்லாம் ஒண்ணாத்தான கண்ணு இருக்கும்? எடுத்ததைத் தட்டுல வச்சு உங்கப்பனைக் கூப்புட்டுக் காட்டுனாங்களாமா. அவரு அங்கயே மயங்கி உழுந்துட்டாரு. எனக்குப் போட வேண்டிய குளுக்கோஸை அவருக்குப் போட்டாங்க." அம்மா வாய்விட்டுச் சிரித்தார்.

"தட்டுல என்ன இருந்துச்சும்மா?"

"நானா பார்த்தேன்?"

அதைப் பார்த்தவர் இப்போது இல்லை. போன வருஷம் இடுப்புவலிக்குப் போனபோது எலும்பு டாக்டர், அம்மாவுக்கு அறுபது வயதா என்று கேட்டார். அம்மாவுக்கு நாற்பத்தாறு. அதையும் நாங்கள் ஒரு ஜோக்காகத்தான் வீதியெல்லாம் சொன்னோம்.

"அக்காவுக்கு அவசரப்பட வேண்டாம்மா" என்றேன். வாய்க்குள் சொன்னதுபோல இருந்தது.

"என்னடி இப்பப் போய்? நீதான கூடப் போய்க் கேட்டுட்டு வந்தே? படிச்ச புள்ளயே சரின்னுட்டான்னுதான் மாமன் இருபத்தாறாந் தேதின்னு பேசி வச்சிருக்கறாரு. ஆடி பொறக்கறதுக்குள்ள முடிஞ்சிரும்."

வெங்காயம் உரித்ததால் கண் எரிந்தது நல்லதாகப் போயிற்று.

ஜூன் 18, செவ்வாய்

டீ நேரத்தில் அக்காவின் கம்பெனி வாசலுக்குப் போனேன். பஞ்சுப் பிசிர் ஒட்டிய தலையோடு வந்தாள். அவளுக்கு ஆபரேஷன் வேண்டாம் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது. "உனக்கென்னடி தெரியும்? ஸ்டூல விட்டு எந்திரிக்கவே பயமா இருக்குது. போன மாசம் கறை பட்டு, லைன்ல அத்தனை பேரும் பார்த்தாங்க. எடுத்துத் தொலைச்சா நிம்மதி."

அவள் சொல்வதில் பொய் இல்லை. நான் திரும்பி வந்திருப்பேன். பழக்கதோஷத்தில்தான் அதைக் கேட்டேன்.

"என்ன எடுக்கப்போறாங்கன்னு சொல்லு, அக்கா."

"கட்டியத்தான்."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன? கட்டிய எடுத்துட்டு, பையச் சுத்தம் பண்ணித் தச்சுருவாங்க. ஒரு வருஷம் போகட்டும். கவினுக்குத் தங்கச்சி வேணுமாம், தெனமும் ஒரே ரவுசு. எனக்கும் ஒரு பொட்டப்புள்ள இருந்தா நல்லாத்தான் இருக்கும்." வெட்கப்பட்டுச் சிரித்தாள். "உங்க மாமங்கிட்டச் சொல்லிறாத."

பெல் அடித்தது. உள்ளே போய்விட்டாள்.

டாக்டரம்மா கேட்ட மூன்று கேள்விகளும் இப்போது நினைவு வருகின்றன. இத்தனை நாள் அவை எங்கே இருந்தனவோ. ரத்தம் ரொம்பப் போகுதா? இனிக் குழந்தை வேண்டாம்தானே? பையை எடுத்துடறது உங்க எல்லோருக்கும் சம்மதம்தானே?

அக்கா திரைக்குப் பின்னால் சேலைக்கு ஊக்குக் குத்திக்கொண்டிருந்தாள். ஆடிய தலை என்னுடையது.

ஜூன் 19, புதன்

வேலைக்குப் போனேன். வந்தேன்.

ஜூன் 20, வியாழன்

கூட்டம் இல்லாத நேரமாகப் பார்த்து டாக்டர் எஸ்தரிடம் சொன்னேன். தலையாட்டியதை மட்டும் விட்டுவிட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டார்.

"உங்கக்காவுக்கு என்ன செய்யணும்னு நான் ஒரு வார்த்தை சொல்லக் கூடாது, யசோதா. நான் நாய் டாக்டர். கட்டியை மட்டும் எடுக்க முடியுமோ, மாத்திரை போதுமோ, இல்ல பையவே எடுத்துத்தான் ஆகணுமோ, அவங்கதான் சொல்லணும். ஆனா கேக்கறதுக்கு நீ டாக்டரா இருக்க வேணாம்."

"நீங்க..." என்று ஆரம்பித்தேன். கூட வருவீர்களா என்று கேட்க நினைத்தேன். அதற்குள் ஒரு பொமரேனியன் உள்ளே ஓடிவந்தது. நான் சீட்டு எழுதப் போய்விட்டேன்.

ஜூன் 22, சனி

அக்காவின் ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தேன். எடுத்து, "வணக்கம், சொல்லுங்க" என்றார்கள். வைத்துவிட்டேன்.

ஜூன் 24, திங்கள்

மாமா வந்திருந்தார். கட்டிங் மாஸ்டர் அவர். எப்போதும் கையில் சாக்கட்டித் தூள் இருக்கும். இன்று கையை ஓயாமல் துடைத்துக்கொண்டே இருந்தார். அவருடைய சித்தி புற்றுநோயில் போனவர். "இதோட போயிரோணும் அம்மிணி. புள்ளையில்லாட்டிப் போகுது. கவின் ஒருத்தன் போதும். அவ உசுரோட இருந்தாச் சரி" என்றார். அக்காவுக்குத் தெரியும் என்றுதான் நினைத்திருக்கிறார். அவள் கட்டி மட்டும்தான் என்று நினைத்திருக்கிறாள். இரண்டு பேரும் ஒரே வீட்டில் ஒரே பாயில் படுக்கிறார்கள். ஒருவரை ஒருவர் கேட்கவில்லை. யசோ கேட்டிருக்கிறாளே!

"மாமா, அன்னிக்கு டாக்டர்..." என்றேன்.

"அபசகுனமா ஏதாச்சும் ஆரம்பிக்காத" என்று அம்மா அடுப்படியிலிருந்து கத்தினார். "போறப்ப பயமுறுத்துவாளாம்!"

நான் தோசை வார்க்கப் போனேன். கருகியது.

ஜூன் 25, செவ்வாய்

அக்காவை மாலையில் சேர்த்தாயிற்று. விடிந்தால் ஆபரேஷன். பச்சைத் தண்ணீர்கூடக் கூடாது என்று சொல்லியிருக்கிறார்கள். நானும் அம்மாவும் காலையில் போகிறோம்.

எனக்கு ஒரு யோசனை வந்திருக்கிறது. எழுதவே கூசுகிறது. ஒரு இட்லி போதும். அக்கா சாப்பிட்டுவிட்டாள் என்றால் அவர்களே தள்ளிவைத்துவிடுவார்கள். நான் யாரிடமும் ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை.

ஜூன் 26, புதன்

ஆஸ்பத்திரி வராந்தாவில், அக்காவின் அறை வாசலில் உட்கார்ந்து எழுதுகிறேன். அக்கா கட்டிலில் சம்மணம் போட்டு இட்லி சாப்பிட்டுக்கொண்டிருக்கிறாள். சாப்பிட்டுக்கொண்டே அழுகிறாள், என்னைத் திட்டுகிறாள், சட்னி இன்னும் கொஞ்சம் ஊற்றச் சொல்கிறாள்.

காலையில் வரும்போதே கடையில் வாங்கிப் பைக்குள் வைத்துவிட்டேன். அக்கா பச்சை கவுன் போட்டு, வளையல் கழற்றி, சின்னப்பெண் மாதிரி படுத்திருந்தாள். அம்மா மருந்து வாங்கப் போயிருந்தார். "பசி உயிர் போகுதுடி. வாசம் வருது. ஏதாச்சும் வச்சிருக்கறயா?" என்றாள்.

என் கை பைக்குள் போய்விட்டது. பொட்டலம் சூடாக இருந்தது. அப்போதுதான் ரங்கராஜின் முகம் நினைவுக்கு வந்தது. இட்லி கொல்லுமா? சொல்லாமல் கொடுத்தால் கொன்றாலும் கொன்றுவிடும். சொல்லிவிட்டுக் கொடுப்பதென்றால் இட்லியே தேவையில்லை, சொன்னாலே போதும். இவ்வளவு சின்னக் கணக்கு எனக்கு ராத்திரி பூராவும் புரியவில்லை.

கையை வெளியே எடுத்தேன். வேர்வையில் காகித மை விரலில் ஒட்டியிருந்தது.

டாக்டரம்மா நர்ஸோடு வந்தார். பின்னால் மாமா. அதற்குப் பின்னால் மருந்துப் பையோடு அம்மா. "ரெடியா கோகிலா? முடிச்சுடலாம்" என்று அக்காவின் தோளைத் தட்டினார். ஸ்ட்ரெச்சர் வந்தது. அக்கா காலைத் தூக்கி வைத்தாள்.

நான் அப்போது பேசினேன்.

பிறகு நடந்ததை முதலில் எழுதிவிடுகிறேன். டாக்டரம்மா கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "அன்னிக்கே கேட்டேனே. நீதானே சரின்னே?" என்றார். கோபமாகத்தான் இருந்தார். ஆனால் நர்ஸை நிறுத்திவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். சீட்டின் பின்புறம் ஒரு படம் வரைந்தார். அது கவண் மாதிரி இல்லை. கவிழ்த்துவைத்த சின்னச் சொம்பு மாதிரி இருந்தது. "இதை எடுக்கறோம்" என்று முழுவதையும் சுற்றி வட்டம் போட்டார்.

"கட்டி எங்க?" என்றாள் அக்கா.

"கட்டி இதுக்குள்ளதாம்மா. பையோட வந்துடும்."

"பையோடன்னா?"

அதன் பிறகு அக்கா போட்ட சத்தத்தில் பக்கத்து அறைக்காரர்கள் வந்துவிட்டார்கள். மாமா சுவரோடு சாய்ந்து நின்று, "உனக்குத் தெரியும்னு நெனச்சேன் புள்ள, உனக்குத் தெரியும்னு நெனச்சேன்" என்பதையே சொல்லிக்கொண்டிருந்தார். அது புற்றுநோய்க் கட்டி மாதிரித் தெரியவில்லை என்பதும் அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது. அன்றே எனக்குச் சொல்லியிருக்கிறார்கள். நான்தான் எடுத்துச் சொல்லவில்லை.

குழந்தை வேண்டுமென்றால் யோசிக்க வேறு வழி இருக்கிறதாம். முதலில் ரத்தம் நிற்க மாத்திரை, பிறகு இன்னொரு ஸ்கேன், முடிந்தால் கட்டியை மட்டும் எடுப்பது. முடியாமலும் போகலாமாம். அதையும் மறைக்காமல் சொன்னார். "இன்னிக்கு வேண்டாம். பேசிட்டு வாங்க" என்று எழுந்தார்.

அப்போது அம்மா முன்னால் வந்தார். கழுத்தில் ஈரத்துண்டு இருந்தது. "ஏனுங்க மேடம், எனக்கு அந்தக் காலத்துல என்னென்ன எடுத்தாங்கன்னு இப்பப் பார்த்துச் சொல்ல முடியுங்களா?" என்று கேட்டார். டாக்டரம்மா அம்மாவின் முகத்தையும் துண்டையும் பார்த்தார். "என் ரூமுக்கு வாங்கம்மா" என்றார். அம்மா உள்ளே போய் நேரமாகிறது. கதவு இன்னும் திறக்கவில்லை.

எல்லாம் எழுதிவிட்டேன். நான் சொன்னது மட்டும்தான் பாக்கி. ஸ்ட்ரெச்சரின் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, மாமாவையோ அம்மாவையோ பார்க்காமல், அக்காவை மட்டும் பார்த்துக்கொண்டு சொன்னேன். என் குரல் இவ்வளவு பெரிது என்று எனக்கே தெரியாது.

"மேடம், அன்னிக்கு நீங்க சொன்னது எனக்குப் புரியலைங்க. புரிஞ்ச மாதிரி தலையாட்டிட்டேன். இப்ப எங்கக்காகிட்ட முதல்லேர்ந்து ஒரு தடவை சொல்லுங்க. அவ தன் வாயால திருப்பிச் சொல்லட்டும். அதுக்கப்புறம் கூட்டிட்டுப் போங்க."